கன்னத்தில் ஒதுக்கிய மாத்திரை

செல்வத்தின் இருமலை முதலில் கேலி செய்தவள் நான்தான்.

"ஏலே, பகலெல்லாம் ஓட்டுற தறி பத்தாதுன்னு நெஞ்சுக்குள்ளயும் ஒரு தறி போட்டுட்டியா?" என்றேன்.

சிரித்தான். சிரித்ததில் இன்னும் இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் சட்டைக்குள் ஆளே இல்லை என்று தெரிந்தது. தோள் இரண்டும் கொடியில் துணி காயப்போடுகிற ஹேங்கர் மாதிரி நின்றன.

செல்வம் என் மகள் பேச்சியின் மகன். எங்கள் வீடு செட்டியார்பட்டியில். அவனுக்கு வேலை பேண்டேஜ் துணி நெய்கிற தறியில். எந்த ஊரில் யாருக்கு அடிபட்டாலும் சுற்றுகிறார்களே, அந்த வெள்ளைத் துணி. பேச்சி ராஜபாளையத்தில் மில்லுக்குப் போகிறாள். அவள் ஷிப்டில் இருக்கும்போது இவனுக்குச் சோறு போடுவதும் சண்டை போடுவதும் என் வேலை.

இதை எழுது என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவளிடம் யார் கேட்பார்கள்? செல்வத்தைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி வார்டில் எங்களைப் போலவே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாக்களைப் பார்த்தேன். அவர்கள் கையில் இது கிடைக்கட்டும் என்றுதான்.

செல்வத்துக்கு எச்.ஐ.வி. இருப்பது எங்களுக்கு இரண்டு வருடமாகத் தெரியும். அது ரத்தத்தில் இருக்கிற காவல்காரர்களைத் தின்கிற கிருமி. காவல் போனால் கண்ட நோயும் கதவைத் தட்டாமல் உள்ளே வரும். அதற்கு மாத்திரை இருக்கிறது. சர்க்கார் சும்மாவே தருகிறது. தினம் ஒன்று, தவறாமல், சாகும்வரை. அப்படித் தின்றால் கிருமி தூங்கிவிடும், ஆள் நூறு வயசுகூட இருக்கலாம் என்றார்கள். நானும் சர்க்கரைக்கு மாத்திரை தின்கிறவள்தான். "ரெண்டு பேரும் சேந்தே முழுங்குவோம்லே, மொய் வச்ச மாதிரி இருக்கும்" என்றேன்.

எப்படி வந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, லாரியில் கிளீனராகப் போன இடத்தில் ஒரு பொம்பளையிடம் போனேன் என்று சொல்லியிருக்கிறான். இவன் லாரியில் ஏறியதே இல்லை. கேட்டவர்கள் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். பேச்சியும் நம்பினாள். பொம்பளையிடம் போனான் என்றால் திட்டிவிட்டு மருந்து தருவார்கள். ஆம்பளையிடம் என்றால் பார்க்கிற பார்வையே வேறு. இந்தப் பாழாய்ப்போன நோய்க்கும் மரியாதையான வழி ஒன்று, மரியாதை கெட்ட வழி ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். முன்னே இந்த மாதிரி ஆண்களைத் தேடிப்போய்ப் பேசி, சோதனைக்குக் கூட்டிப்போக ஒரு சின்ன ஆபீஸ் இருந்ததாம். ஆணுக்கு ஆண் என்றாலும் முகம் சுளிக்காமல் கேட்பார்களாம். இவன் போனபோது அது பூட்டிக் கிடந்தது.

எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்றால், பால்கோவாவால் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாரம் தவறாமல் எங்கள் வீட்டுக்குப் பால்கோவா வந்தது. எனக்குச் சர்க்கரை. பேச்சிக்கு இனிப்பு ஆகாது. இவனோ தொடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்தான் தின்று கொழுத்தன. தின்னாதவன் எதற்கு பஸ் ஏறிப் போய் வாங்க வேண்டும்? ஒருநாள் நானும் கூடப் போனேன். கடையில் ரெங்கன் இருந்தான். செல்வத்தைப் பார்த்ததும் தராசில் போட்டுக்கொண்டே இருந்தான். முள் ஒரு பக்கமாகச் சாய்ந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"போதும்யா. கடையை எழுதிக் குடுத்துறாத" என்றேன்.

ரெங்கனின் காது சிவந்துபோனது. அவனுக்குப் பெண்டாட்டி உண்டு, இரண்டு பிள்ளைகள் உண்டு. அவன் மனசுக்கு இரண்டு பக்கமும் வாசல். அதை நான் திறக்கவும் இல்லை, சாத்தவும் இல்லை. வருகிற வழியில் பஸ்ஸில் செல்வத்திடம், "பய நல்லாத்தான் இருக்கான். மீசையை மட்டும் செத்த வெட்டச் சொல்லு" என்றேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அழுதான் என்று நினைக்கிறேன்.

இருமல் முற்றியதும் முதலில் ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பேர் வேண்டாம். நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எல்லாவற்றுக்கும் பில் கட்ட வைத்தார்கள். ரிசல்ட் வந்ததும் டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். "இதுக்கு எங்ககிட்ட வசதி இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். நாங்கள் வெளியே வருவதற்குள் செல்வம் உட்கார்ந்திருந்த பெஞ்சை மருந்து தண்ணீர் ஊற்றித் துடைத்தார்கள். நான் உட்கார்ந்த பக்கத்தைத் துடைக்கவில்லை.

"ஏட்டி, இங்கயும் தொடச்சிரு. நாந்தான் அவன வளத்தேன்" என்றேன். அந்தப் பிள்ளை பாவம், முழித்தது.

சர்க்கார் பெரிய ஆஸ்பத்திரியில் விரட்டவில்லை. காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. அங்கே எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எதிரே தெரிந்த முகம் வந்தால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி செல்போனைப் பார்ப்பார்கள். கல்யாண வீட்டில்கூட அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் செல்போனைப் பார்த்து நான் கண்டதில்லை. சளியைத் துப்பித் தரச் சொல்லி ஒரு டப்பி கொடுத்தார்கள். வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். நாக்கு, கன்னம் எல்லாம் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. அது ஒரு பூஞ்சையாம். "இத்தன நாளும் தின்னாத பால்கோவாவ இப்ப அப்பி வச்சிருக்கான் பாருங்க" என்றேன். சிஸ்டர் சிரித்தார். ரெங்கன் பெயரைக் கேட்ட மாதிரி செல்வமும் கொஞ்சம் சிரித்தான்.

நெஞ்சில் டி.பி. என்று சொல்லி வார்டில் சேர்த்தார்கள். அது மாத்திரையில் போகிற நோய்தான், ஆனால் காவல் இல்லாத உடம்பில் வேகமாகப் பரவுமாம். கழுத்தில் நெறி கட்டியிருந்தது. காய்ச்சல் சாயங்காலம் ஏறும், விடியும்போது வேர்த்து இறங்கும். படுக்கையைப் பிழிந்தால் வாளி நிறையும்.

பேச்சி மில்லிலிருந்து பஞ்சு ஒட்டிய தலையோடு நேரே வருவாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் செல்வத்தின் டம்ளரைத் தள்ளி வைத்ததை ஒருநாள் பார்த்துவிட்டாள். அவன் மிச்சம் வைத்த கஞ்சியை எடுத்து, வார்டே பார்க்க, நின்றுகொண்டே குடித்தாள். பிறகு டம்ளரைக் கழுவிப் பழைய இடத்திலேயே கவிழ்த்தாள். அவள் என் வயிற்றில் பிறந்தவள்தான் என்று அன்றைக்கு ஒத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு சோதனை. ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. மதுரைக்கு அனுப்பி வரவேண்டும். ஒழுங்காக மாத்திரை தின்கிறவனுக்குக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் குறைந்திருக்க வேண்டுமாம். இவனுக்கு எக்கச்சக்கமாக இருந்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கோபக்காரர் இல்லை. ஆனால் அன்றைக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "மாத்திரை சாப்பிடாம ஏமாத்தியிருக்கீங்க. நாங்க இங்க எதுக்கு இருக்கோம்?"

எனக்குச் சுருக்கென்றது. "அய்யா, எங் கண்ணு முன்னாலதான் வாயில போடுதான். ராத்திரி டி.வி.யில நாடகம் முடிஞ்சதும் நான் ஒண்ணு, அவன் ஒண்ணு. நான் பாத்துருக்கேன்" என்றேன்.

செல்வம் தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். எனக்காக ஒரு வார்த்தை அவன் பேசவில்லை. அது எனக்கு உறுத்தியது.

அன்றிலிருந்து மாத்திரை டப்பாவை சிஸ்டர் வாங்கி வைத்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரே கையில் கொடுத்து, தண்ணீர் குடிக்கிறவரை நின்று பார்த்துவிட்டுப் போவார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் பார்வையாளர் நேரம். ரெங்கன் வந்தான். மீசையை வெட்டியிருந்தான். அவனும் மெலிந்திருந்தான். பால்கோவா கடைக்காரன் மெலிந்து நான் கண்டது அதுதான் முதல்.

நான் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். கிழவி தூங்குகிறாள் என்று நினைத்திருப்பார்கள். செல்வம் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு துண்டு பேண்டேஜ் துணியை எடுத்து, வாயைத் துடைப்பதுபோல வைத்து, கன்னத்திலிருந்து எதையோ துப்பினான். நான்காக மடித்து ரெங்கனின் கையில் வைத்தான். ரெங்கன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டான். கோயில் விபூதியை வாங்கி வைத்துக்கொள்வார்களே, அந்த மாதிரி.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வீட்டில் என் முன்னால் வாயில் போட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு "டீ குடிச்சிட்டு வாரேன் அம்மாச்சி" என்று போவான். ஒருநாள் விட்டு ஒருநாள் போவான். டீக்கடைக்குத்தான் போகிறான் என்று நான் நினைத்தேன். அங்கே ரெங்கன் வந்து காத்திருந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

ரெங்கனை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். மரத்தடியில் நிறுத்தி, "பையில என்னய்யா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல ஆச்சி."

"ஒண்ணுமில்லாததுக்கு ஏன் இம்புட்டு அழுத்திப் பிடிச்சிருக்க? இதயம் கீழ விழுந்துருமோ?"

அவன் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கும் அந்த நோய் இருந்தது. இரண்டு பேருமே ஒரே காலத்தில்தான் தெரிந்துகொண்டார்கள். செல்வம் போய்ப் பேர் கொடுத்து மருந்து வாங்கினான். இவன் போகவில்லை. ஒரு டப்பாவை இரண்டு பேரும் பங்கு போட்டார்கள். ஒருநாள் இவனுக்கு, ஒருநாள் அவனுக்கு.

"நீயும் போயி வாங்குனா என்னய்யா? சும்மாதானே தாராவ?"

"ஆச்சி, நான் அந்த வரிசையில நின்னா போதும். எங்கூர்ல எல்லாருக்கும் எம் மொகம் தெரியும். நான் கையால கிண்டுற பால்கோவா. இந்த நோயின்னு தெரிஞ்சா எவன் வாங்கித் திம்பான்? பிள்ளைக்குப் பொறந்தநாளுக்குக்கூட வாங்கமாட்டாவ."

"பால்கோவாவுல ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லுதாரே."

"டாக்டருக்குத் தெரியும். வாங்குறவுகளுக்குத் தெரியணும்லா."

"வேற ஊருக்குப் போ. மதுரைக்குப் போ."

"மதுரையில எங்க மச்சினன் ஆஸ்பத்திரியிலதான் வேல பாக்கான்."

"சாத்தூருக்குப் போ."

"பால் அங்க இருந்துதான் வருது ஆச்சி."

எல்லா ஊரிலும் இவனுக்கு ஒரு சொந்தக்காரன், இல்லையென்றால் ஒரு மாடு. "ஒம் பெண்டாட்டிய என்ன பண்ணிருக்க?" என்று கேட்டேன். அதற்கு மட்டும் நிமிர்ந்தான். முழு உடம்புப் பரிசோதனை என்று சொல்லி அவளைக் கூட்டிப்போய் ரத்தம் பார்த்துவிட்டானாம். ஒன்றும் இல்லையாம். நோய் தெரிந்த நாளிலிருந்து கடை மாடியில்தான் படுக்கிறானாம். அவளைக் காப்பாற்ற வழி கண்டுபிடித்தவனுக்குத் தன்னைக் காப்பாற்ற வழி தெரியவில்லை.

மறுநாள் டாக்டரிடம் ஒரு மாதிரியாகக் கேட்டேன். "அய்யா, ஒரு மருந்த ரெண்டு பேரு பாதிப் பாதி தின்னா, பாதி நோவாவது கொறயுமா?"

அவர், அந்த இரண்டு பேரும் யார் என்று கேட்கவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். "குறையாது பாட்டி. அரைகுறையா மருந்து பட்டா கிருமி சாகாது, அந்த மருந்தையே பழகிக்கும். பெறகு முழுசாக் குடுத்தாலும் கேக்காது. ரெண்டு பேருக்கும்தான்" என்றார். "அந்த இன்னொருத்தர வரச் சொல்லுங்க. பின்வாசல் வழியாக் கூட்டிட்டு வாங்க. நானே பாக்குறேன்."

ரெங்கனிடம் சொன்னேன். கண் கலங்கக் கேட்டுக்கொண்டான். "வாரேன் ஆச்சி. ஆடிப்பூரம் நெருங்கிட்டு. தேர் முடியட்டும். அந்த வாரம்தான் கடைக்கு வருசச் சம்பாத்தியமே. தேர் நெலைக்கு வந்த மறுநாள் நான் அந்த டாக்டர் முன்னால நிப்பேன்."

நம்பினேன். ஆனால் அன்றிலிருந்து செல்வத்தின் முன்னால் நான்தான் நின்றேன். "வாயத் திற. நாக்கத் தூக்கு. கன்னத்த விலக்கு."

முதல் நாள் கையெடுத்துக் கும்பிட்டான். "அம்மாச்சி, அவன் வேற எங்க போவான்? தேர் வரைக்கும் மட்டும்."

"ரெண்டு பேரு சேந்து போறதுக்கு இது என்ன சினிமாக் கொட்டகையா? முழுங்குலே" என்றேன். சிரிக்கவில்லை. முழுங்கினான். அன்றைக்கு ரெங்கன் வந்தபோது செல்வம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். கொடுக்க ஒன்றும் இல்லாத கையை அவனுக்குக் காட்டப் பிடிக்கவில்லை. ரெங்கன் கட்டில் ஓரத்தில் செத்த நேரம் உட்கார்ந்துவிட்டு, என்னிடம் தலையசைத்துவிட்டுப் போனான்.

டி.பி. மாத்திரையில் காய்ச்சல் இறங்கியது. வீட்டுக்கு அனுப்பினார்கள். தேர் ஓடியது. நிலைக்கும் வந்தது. ரெங்கன் வரவில்லை. போன் எடுக்கவில்லை.

நான் பஸ் ஏறிப் போனேன். கடையில் அவன் மனைவி இருந்தாள். நல்ல பிள்ளை. என்னை வாடிக்கைக்காரி என்று நினைத்து, "அவியளுக்கு மஞ்சக்காமாலை ஆச்சி. கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கோம். கேக்கமாட்டேங்குது" என்றாள். மாடியில் கிடந்தான். அவள் பக்கத்திலேயே நின்றாள். நான் என்ன சொல்வது? எதைச் சொன்னாலும் அவன் இத்தனை நாள் மூடி வைத்ததை நான் திறந்த மாதிரி ஆகும்.

"என்னய்யா, தேர இழுத்துக் களச்சுட்டியா? எங்க டாக்டரும் ஒன்னத் தேடுதாரு" என்றேன்.

"நாளைக்கு வாரேன் ஆச்சி" என்றான். கண் மஞ்சளாக இல்லை. வாய் ஓரத்தில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. செல்வத்தின் வாயில் நான் பார்த்த அதே வெள்ளை. "கார் புடிச்சிட்டு வாரேன், இப்பமே போவோம்" என்று அவன் காதோடு சொன்னேன். மனைவி பக்கம் கண்ணைக் காட்டி, தலையை மட்டும் ஆட்டினான். வேண்டாம் என்று.

கடைசியில் நினைவு தப்பியதும் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கண்டுபிடித்திருப்பார்கள். கண்டுபிடித்ததை வீட்டார் அங்கேயே விட்டுவிட்டு, உடம்பை மட்டும் கொண்டுவந்தார்கள். மஞ்சள் காமாலை என்றே ஊரில் சொன்னார்கள்.

செல்வம் மாஸ்க் போட்டுக்கொண்டு ரெங்கன் வீட்டுத் தெரு முனையில் வேப்பமரத்தடியில் நின்றான். அதற்கு மேல் வரமாட்டேன் என்றான். நான் ராஜபாளையத்தில் ஒரு எட்டு முழ வேட்டி வாங்கியிருந்தேன்.

எங்கள் பக்கம் செத்தவருக்குச் சொந்தக்காரர்கள் புதுத்துணி கொண்டுபோய்ப் போர்த்துவோம். கோடி என்போம். இன்னார் வீட்டுக் கோடி என்று உரக்கச் சொல்லித்தான் போடுவார்கள். உறவு இல்லாதவர்கள் மாலை போடலாம், கோடி போடுவதில்லை. பெண் கொடுத்த வீடு, மாமன் வீடு, பங்காளி வீடு என்று ஒவ்வொன்றாக விழுந்தது. என் முறை வந்ததும் சடங்கு செய்கிறவர் கையை நீட்டினார்.

"யாரு வீட்டுக் கோடி ஆச்சி?"

வாடிக்கை வீடு என்று சொல்லியிருக்கலாம். வாங்கி ஓரமாக வைத்திருப்பார்.

"சம்பந்தி வீடு" என்றேன்.

"சம்பந்தியா? ரெங்கனுக்குச் சின்னப் பிள்ளைகதானே?"

"கெழவிட்ட வழக்கு பேசாத. வெயில் ஏறுது, போடு."

யாரோ பின்னால் சிரித்தார்கள். புத்தி பிசகிய கிழவி என்று நினைத்திருப்பார்கள். அவரும் அவசரத்தில் வேட்டியை உதறி, தெரு முழுக்கக் கேட்கும்படி, "சம்பந்தி வீட்டுக் கோடி!" என்று குரல் கொடுத்துப் போர்த்தினார்.

திரும்பிப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் செல்வம் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் மாஸ்க்கை வாயோடு சேர்த்துப் பொத்திக்கொண்டிருந்தான்.

திரும்பவும் ரத்தம் மதுரைக்குப் போய் வந்தது. கிருமி குறையவில்லை. பழைய மருந்தை அது பழகிவிட்டது. வேறு மருந்து மாற்றியிருக்கிறார்கள். இதுவும் கேட்கவில்லை என்றால் கையில் அதிகம் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். கழுத்தில் நெறி மறுபடியும் கட்டியிருக்கிறது. "சொகமாயிருவாம்லா அம்மா?" என்று பேச்சி கேட்கிறாள். "வரிசையில நாந்தான் முன்னால நிக்கேன், என்னத் தாண்டி எப்படிப் போவான்?" என்கிறேன். முன்பெல்லாம் இதற்குச் சிரிப்பாள்.

நாடகம் முடிந்ததும் நான் ஒன்று, அவன் ஒன்று. டம்ளரை நீட்டுகிறேன். முழுங்குகிறான். நான் இப்போது எதுவும் கேட்பதில்லை. அவனாகவே வாயைத் திறக்கிறான். நாக்கைத் தூக்குகிறான். இரண்டு கன்னத்தையும் விரலால் விலக்கிக் காட்டுகிறான்.

உள்ளே ஒன்றும் இல்லை. டப்பா முழுவதும் அவனுக்குத்தான்.